ஒரு லிட்டர் டர்போ காருக்குக் கூடுதல் சக்தி: சட்டத்துக்குள் நின்று எதைத் தேர்ந்தெடுப்பது?

ஃபோக்ஸ்வாகன் போலோ, வென்டோ, விர்டஸ், டைகுன், ஸ்கோடா ரேபிட், குஷாக், ஸ்லாவியா. இந்த வண்டிகளின் பானட்டுக்குள் ஒரே குடும்பத்து 999 சிசி மூன்று சிலிண்டர் டிஎஸ்ஐ (காற்றை அழுத்தித் தள்ளும் டர்போவோடு, பெட்ரோலை நேரடியாகச் சிலிண்டருக்குள் தெளிக்கும்) இன்ஜின் இருக்கிறது. போலோவில் அது 110 பிஎஸ் சக்தியும் 175 நியூட்டன் மீட்டர் டார்க்கும் (இழுக்கும் திறன்) தந்தது. விர்டஸ், குஷாக் தலைமுறையில் 115 பிஎஸ், 178 நியூட்டன் மீட்டர். ஓட்டுவதற்கு இவ்வளவு ருசியான இன்ஜின் கையில் இருக்கும்போது "இன்னும் கொஞ்சம் ஏத்த முடியாதா?" என்ற ஆசை வருவது இயல்பு. சந்தையிலும் அதற்குக் குறைவில்லை. ஏர் ஃபில்டர், பெடல் பாக்ஸ், டியூனிங் பாக்ஸ், ரீமேப் (இன்ஜின் கணினியின் மென்பொருளை மாற்றுவது), டவுன்பைப் (டர்போவிலிருந்து புகை வெளியேறும் முதல் குழாய்), முழு எக்ஸாஸ்ட் என்று எல்லாமே கிடைக்கும். விற்பவர் சொல்லாமல் விடுவது ஒன்றே ஒன்று: இவற்றில் எதைப் போட்டுக்கொண்டு பொதுச் சாலையில் சட்டப்படி ஓடலாம்?

முடிவை முதலிலேயே சொல்லிவிடலாம். இந்த இன்ஜினில் சட்டத்துக்குள் கிடைக்கும் பாகங்கள் பெரிதாகச் சக்தி தருவதில்லை. பெரிதாகச் சக்தி தரும் வேலைகள் பொதுச் சாலைக்குச் சட்டத்துக்குள் வருவதில்லை. ஆகவே வெயிலும் பெட்ரோலும் தேய்மானமும் தின்றுபோன சக்தியை முதலில் மீட்டெடுங்கள். அதற்கு மேலும் வேண்டுமென்றால் கம்பெனியே தரும் 1.5 டிஎஸ்ஐக்கு மாறுங்கள். ஏன் இப்படிச் சொல்கிறோம் என்பதற்கு இன்ஜின் வேலை செய்யும் விதத்தையும் சட்டத்தையும் சேர்த்தே பார்க்க வேண்டும்.

சட்டம் எங்கே கோடு போடுகிறது

மோட்டார் வாகனச் சட்டம் 1988, பிரிவு 52: ஆர்சியில் உள்ள விவரங்கள் தயாரிப்பாளர் முதலில் குறித்ததிலிருந்து மாறுபடும்படி உரிமையாளர் வண்டியை மாற்றக் கூடாது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் இதை அழுத்தமாகச் சொன்னது. அதே ஆண்டு வந்த திருத்தத்தில் சேர்ந்த பிரிவு 182ஏ, அனுமதியில்லாத ஒவ்வொரு மாற்றத்துக்கும் ரூ. 5,000 அபராதம், அல்லது ஆறு மாதம் வரை சிறை, அல்லது இரண்டும் என்கிறது. பிரிவு 190(2) தனி. காற்று மாசு, ஒலி அளவுகளை மீறிய வண்டியை ஓட்டினால் மூன்று மாதம் வரை சிறை அல்லது ரூ. 10,000 வரை அபராதம் அல்லது இரண்டும். முதல் தடவையிலேயே ஓட்டுநர் உரிமம் மூன்று மாதம் போகும்.

ரீமேப் வெறும் மென்பொருள்தானே, வண்டியின் கட்டமைப்பு மாறவில்லையே என்று வாதிடுகிறவர்கள் இருக்கிறார்கள். "மாற்றம்" என்பதற்குச் சட்டம் தரும் விளக்கம் கட்டமைப்பைப் பற்றிப் பேசுவதால் அந்த வாதத்துக்குக் கொஞ்சம் இடம் உண்டு. ஆனால் ஆர்சியில் சிசியோடு குதிரைத்திறனுக்கும் கட்டம் இருக்கிறது. அதைவிட முக்கியம், உங்கள் வண்டி பிஎஸ்6 மாசு விதிக்குள் என்று அங்கீகாரம் பெற்றது அதன் கம்பெனி மென்பொருளோடும், புகையின் நச்சைக் குறைக்கும் கம்பெனி கேட்டலிடிக் கன்வர்ட்டரோடும்தான். மென்பொருள் மாறிய இன்ஜின் அந்தச் சோதனைக்குப் போனதே இல்லை. சிஎன்ஜி, எல்பிஜி கிட்டுகளுக்கு அங்கீகார முறை இருக்கிறது. ரீமேப்பைச் சோதித்துச் சான்று கொடுக்கும் ஏற்பாடு இங்கே கிடையாது.

கலிஃபோர்னியாவில் அப்படி ஓர் ஏற்பாடு உண்டு. அங்கே மாசு தொடர்பான இடத்தில் மாற்றுப் பாகம் போட வேண்டுமென்றால், மாநிலக் காற்று வள வாரியம் அந்தப் பாகத்தைச் சோதித்து ஆணை எண் தந்திருக்க வேண்டும். 2021 ஜூலையிலிருந்து அங்கே புகைச் சோதனையின்போது ஈசியு (இன்ஜினை இயக்கும் கணினி) மென்பொருள் மாற்றப்பட்டிருக்கிறதா என்றும் பார்க்கிறார்கள். இறக்குமதியான சில பாகங்களில் அந்த எண் ஒட்டிய ஸ்டிக்கரோடு "லீகல்" என்று இங்கே விற்பதுண்டு. அந்த எண்ணுக்கு இந்தியாவில் எந்தச் சட்ட மதிப்பும் இல்லை. அதைப் பார்த்து ஏமாந்துவிடாதீர்கள்.

பாகத்தை மாற்றினால் சக்தி ஏன் கூடுவதில்லை

பழைய கார்புரேட்டர் வண்டியில் காற்று தாராளமாக உள்ளே போனால் சக்தி கூடும். அந்தக் கணக்கு இங்கே செல்லாது. டிஎஸ்ஐயில் நீங்கள் ஆக்சிலரேட்டரை மிதிக்கும்போது த்ராட்டிலை நேரடியாகத் திறப்பதில்லை. இவ்வளவு டார்க் வேண்டும் என்று ஈசியுவிடம் கேட்கிறீர்கள், அவ்வளவுதான். அந்த டார்க்குக்கு எவ்வளவு காற்று வேண்டும், அதற்கு எவ்வளவு பூஸ்ட் (டர்போ தரும் காற்றழுத்தம்) வேண்டும் என்று ஈசியு கணக்குப் போட்டு, மின் மோட்டாரால் இயங்கும் வேஸ்ட்கேட்டை (டர்போவைச் சுழற்றும் புகையில் ஒரு பகுதியைத் திருப்பிவிடும் கதவு) அதற்கேற்ப மூடித் திறக்கிறது.

இப்போது தாராளமான ஃபில்டரைப் போடுகிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். அதே பூஸ்டை டர்போ கொஞ்சம் குறைந்த சிரமத்தில் எட்டிவிடும். எட்டியதும் ஈசியு வேஸ்ட்கேட்டைச் சற்றுத் திறந்துவிடும். உச்சத்தில் கிடைப்பது அதே 178 நியூட்டன் மீட்டர்தான். ஈசியுவின் இலக்கு மாறாதவரை இரும்பை மாற்றி எந்தப் பயனும் இல்லை.

இந்த இன்ஜினின் அமைப்பும் அதற்கு இடம் கொடுப்பதில்லை. எக்ஸாஸ்ட் மேனிஃபோல்ட் (சிலிண்டர்களின் புகையை ஒன்றுசேர்க்கும் குழாய்த் தொகுதி) சிலிண்டர் ஹெட்டோடு சேர்த்தே வார்க்கப்பட்டிருக்கிறது. அதைக் கழற்றி வேறு ஒன்று போட முடியாது. டர்போ அழுத்திய சூடான காற்றைக் குளிர்விக்கும் இன்டர்கூலர், பம்பருக்குப் பின்னால் காற்றில் குளிரும் வகையல்ல. இன்டேக் மேனிஃபோல்டுக்குள்ளேயே உட்கார்ந்து, தனிக் கூலன்ட் சுற்றால் குளிர்கிறது. ஆகவே மற்ற டர்போ கார்களுக்கு விற்கும் "பெரிய இன்டர்கூலர்" யோசனை இங்கே எளிதில் பொருந்தாது. கேட்டலிடிக் கன்வர்ட்டரும் டர்போவை ஒட்டியே இருக்கிறது. டவுன்பைப் மாற்றுவது என்றால் அதையும் கழற்றுவது என்றே அர்த்தம்.

முதல் வழி: இழந்த சக்தியை மீட்பது

இதில் சட்டச் சிக்கல் எதுவுமே இல்லை, வாரண்டிக்கும் ஆபத்தில்லை. 50,000 கிலோமீட்டர் தாண்டிய வண்டியில் நிஜமான வித்தியாசம் தெரிவதும் இதில்தான். பலர் இதைத் தாண்டிக்கொண்டு நேராக ரீமேப் கடைக்குப் போகிறார்கள் என்பதால் கொஞ்சம் விரிவாகவே பார்க்கலாம்.

சூட்டிலிருந்து தொடங்க வேண்டும். 20 டிகிரிக் காற்றைவிட 40 டிகிரிக் காற்று அடர்த்தியில் சுமார் 6 சதவீதம் குறைவு. அதை டர்போ ஈடுகட்டிவிடும். ஆனால் மேனிஃபோல்டுக்குள் போகும் காற்று சூடாகச் சூடாக நாக்கிங் (கலவை நேரந்தவறித் தானாக வெடிப்பது) வாய்ப்பு கூடும். ஈசியு இக்னிஷன் டைமிங்கை (பொறி விடும் நேரம்) பின்னால் தள்ளும், இழுவை குறையும். சித்திரை வெயிலில் சென்னை டிராஃபிக்கில் ஊர்ந்துவிட்டு மேம்பாலம் ஏறும்போது வண்டி மந்தமாகத் தெரிவதற்குக் காரணம் இதுதான்.

ஓபிடி ஸ்கேனரை (வண்டிக் கணினியின் எண்களைக் காட்டும் கருவி) மாட்டி இரண்டு எண்களைப் பாருங்கள்: வெளிக்காற்று வெப்பம், இன்டேக் மேனிஃபோல்ட் காற்று வெப்பம். நெடுஞ்சாலையில் 80 கிலோமீட்டர் வேகத்தில் சீராகப் போகும்போது மேனிஃபோல்ட் வெப்பம் வெளிக்காற்றைவிட 10 முதல் 20 டிகிரி கூடுதலாக இருந்தால் சரி. 30, 35 டிகிரி வித்தியாசம் நீடித்தால் இன்டர்கூலருக்கான கூலன்ட் சுற்றில் கோளாறு இருக்கிறது. இதற்கு மூன்று காரணங்களை அடிக்கடி பார்க்கலாம். முன்பக்கம் மெயின் ரேடியேட்டரோடு நிற்கும் சின்ன ரேடியேட்டரின் இடுக்குகளில் மண்ணும் பூச்சியும் அடைத்திருக்கும். அல்லது அந்தச் சுற்றின் மின் பம்ப் சுற்றாமல் நிற்கும். அல்லது முன்பக்கம் இடித்துப் பம்பர் வேலை நடந்தபோது கூலன்டை வடித்துவிட்டு, வேக்கம் கருவி இல்லாமல் மேலாக ஊற்றி மூடியிருப்பார்கள். கடைசிக் காரணத்தில் சுற்றுக்குள் காற்றுக் குமிழ் தங்கிவிடும். ரிசர்வாயரில் கூலன்ட் அளவு சரியாகத் தெரியும், எச்சரிக்கை விளக்கும் எரியாது. வண்டி மட்டும் பத்து நிமிடத்தில் சோர்ந்துபோகும். முறையாக வேக்கம் வைத்து மறுபடி கூலன்ட் நிரப்பினாலே சரியாகிவிடும்.

அடுத்தது ஸ்பார்க் பிளக். டர்போ இன்ஜினில் அழுத்தம் கூடக் கூடப் பொறி தாண்டுவது கடினம். இடைவெளி தேய்ந்து அகன்ற பிளக் முழு பூஸ்டில் தடுமாறும். மூன்றாவது, நான்காவது கியரில் 2,000 ஆர்பிஎம்மில் முழுதாக மிதித்தால் ஒரு சின்ன உதறல் வரும். கையேடு சொல்லும் கிலோமீட்டரில், அதே பாக எண் கொண்ட பிளக்குகளை மூன்றையும் சேர்த்தே மாற்றுங்கள். இன்ஜின் முழுக்க ஆறிய பிறகு டார்க் ரெஞ்ச் வைத்து இறுக்க வேண்டும். அதிக பூஸ்ட் ஓட்டுகிறவர்கள் இடைவெளியை 0.6 மில்லிமீட்டர் அளவுக்குக் குறைத்து, ஒரு படி குளிர்ந்த பிளக் போடுவார்கள். ஸ்டாக் வண்டிக்கு, அதாவது மாற்றம் எதுவும் செய்யாத வண்டிக்கு, அது தேவையில்லை. நகருக்குள்ளேயே ஓடினால் கரி படியும்.

பெட்ரோல் விஷயத்தில் நிலைமை மாறியிருக்கிறது. முன்பு சாதாரணப் பெட்ரோல் 91 ஆக்டேன். இப்போது பங்குகளில் வரும் இ20க்கு (20 சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோல்) குறைந்தபட்சம் 95. எத்தனாலுக்கு நாக்கிங்கைத் தாங்கும் தன்மை அதிகம் என்பதால் டைமிங் பின்னால் போவது குறையும். ஆனால் எத்தனாலின் எரிசக்தி பெட்ரோலில் மூன்றில் இரண்டு பங்குதான். மைலேஜ் அதற்கேற்ப இறங்கும். இ20க்கு முந்தைய போலோ வைத்திருப்பவர்கள் ரப்பர் குழாய்களையும் சீல்களையும் கண்காணிக்க வேண்டும். 100 ஆக்டேன் பெட்ரோல் ஏறக்குறைய ஒன்றரை மடங்கு விலை. ஸ்டாக் மென்பொருளோடு ஓடும் வண்டிக்கு அந்தப் பணத்துக்கு ஏற்ற பலன் கிடைக்காது.

ஆயில்: இந்த இன்ஜினுக்குச் சுமார் 4 லிட்டர். கையேட்டில் உள்ள ஃபோக்ஸ்வாகன் தர எண் டப்பாவில் அச்சாகியிருக்க வேண்டும். சின்ன டர்போ இன்ஜின்களில் குறைந்த ஆர்பிஎம்மில், அதிக பூஸ்டில், ஸ்பார்க்குக்கு முன்பே கலவை பற்றிக்கொள்ளும் ஒரு கோளாறு உண்டு. ஒரே தடவையில் பிஸ்டனை உடைக்கக்கூடியது. அதைத் தடுக்கும் சோதனையில் தேறியவை ஏபிஐ எஸ்என் பிளஸ், எஸ்பி தர ஆயில்கள். கால்சியம் சேர்மானம் அதிகமுள்ள பழைய வகை ஆயில்கள் இந்த ஆபத்தைக் கூட்டும். ஓட்டும் பழக்கமும் முக்கியம். ஆறாவது கியரில் 1,400 ஆர்பிஎம்மில் முழுதாக மிதிக்காதீர்கள். ஒரு கியர் இறக்கிவிட்டு மிதியுங்கள்.

இவ்வளவும் செய்த பிறகு வண்டியை ஓட்டிப் பாருங்கள். ரீமேப் ஆசையோடு வருகிறவர்களில் ஒரு பகுதியினர் உண்மையில் தேடியது, வண்டி புதிதாக இருந்தபோது கிடைத்த அந்த இழுவையைத்தான்.

ஃபில்டர், பெடல் பாக்ஸ், கேட்ச் கேன்

கம்பெனி ஃபில்டர் பெட்டிக்குள் உட்காரும் துவைத்துப் போடும் ஃபில்டர் சட்டப்படி பிரச்சினை இல்லாதது. விலை ஐந்தாறு ஆயிரம். பயன், டைனோவில் (சக்தியை அளக்கும் கருவி) ஒரே வண்டியை இரண்டு முறை ஓட்டினால் வரும் வித்தியாசத்துக்குள் அடங்கிவிடும். கழுவியபின் எண்ணெய் போதாமல் விட்டால் தூசி உள்ளே போகும். நிமிடத்துக்கு லட்சக்கணக்கான சுற்று சுற்றும் கம்ப்ரஸர் சக்கரத்தின் விளிம்பை அந்தத் தூசி அரித்துவிடும். செம்மண் சாலையும் கட்டட வேலையும் நிறைந்த பகுதியில் ஓடுகிற வண்டிக்குக் கம்பெனிக் காகித ஃபில்டரை நேரத்துக்கு மாற்றுவதே மேல். பெட்டியைக் கழற்றிவிட்டுத் திறந்த கோன் ஃபில்டர் வைப்பதைத் தவிருங்கள். முகப்பு கிரில்லிலிருந்து வந்த குளிர்ந்த காற்றுக்குப் பதில் இன்ஜின் சூட்டைக் குடிக்கும். சத்தம் ஏறும், சக்தி இறங்கும்.

பெடல் பாக்ஸ் இன்ஜினைத் தொடுவதே இல்லை. கால் பாதி மிதித்தால் முக்கால் என்று ஈசியுவுக்குச் சொல்லும், அவ்வளவே. வண்டி துடிப்பாகத் தெரியும். முழுதாக மிதித்தால் இரண்டும் ஒன்றுதான். சட்டச் சிக்கல் இல்லாதது, கழற்றிவிடக்கூடியது. ஆட்டோமேட்டிக் வண்டியில் கிளம்பும்போது தயக்கம் பிடிக்காதவர்களுக்குப் பயன்படும். அதைச் சக்தி ஏற்றம் என்று விற்றால் வாங்காதீர்கள்.

கேட்ச் கேன் (இன்ஜின் ஆயில் ஆவியைப் பிடித்து வைக்கும் குப்பி) பற்றியும் கேட்பார்கள். டைரக்ட் இன்ஜெக்‌ஷனில் பெட்ரோல் வால்வின் பின்புறத்தைக் கழுவுவதில்லை. அதனால் அங்கே கரி படியும் என்பது உண்மைதான். கேன் போட்டால் மூடிய சுற்றாக, ஆவி மறுபடி இன்டேக்குக்கே போகும்படி இருக்க வேண்டும். வெளிக்காற்றில் விடும் வகை மாசு விதிக்கு எதிரானது. கேனை மாதாமாதம் வடிக்காவிட்டால் நன்மையைவிடத் தொல்லையே அதிகம்.

எக்ஸாஸ்ட்

கேட்டலிடிக் கன்வர்ட்டருக்குப் பின்னால் உள்ள குழாயையும் சைலன்சரையும் மட்டும் மாற்றுவது மாசு அளவைத் தொடாது. ஒலி விதியைத் தொடும். ஸ்டாக் பூஸ்டில் சக்திப் பயன் கிட்டத்தட்ட இல்லை. மூன்று சிலிண்டரின் சத்தம் பெரிய குழாயில் 2,000 ஆர்பிஎம் வாக்கில் கேபினுக்குள் ரீங்காரமாக நிற்கும். நீண்ட பயணத்தில் தலைவலிதான் மிச்சம். பணம் போட வேண்டிய இடமல்ல.

டவுன்பைப் வேறு கதை. அங்கேதான் கன்வர்ட்டர் இருக்கிறது. அதை எடுத்தால் பின்பக்க ஆக்ஸிஜன் சென்சார் உடனே கண்டுபிடிக்கும், பி0420 குறியீட்டோடு இன்ஜின் விளக்கு எரியும். மென்பொருளில் அந்தக் குறியீட்டை அணைத்துவிடலாம் என்பார்கள். புகை அணையாது. பிஎஸ்4, பிஎஸ்6 பெட்ரோல் கார்களுக்குப் பியுசி (புகைச் சான்று) வரம்பு: ஐடிலில் கார்பன் மோனாக்சைடு 0.3 சதவீதம், ஹைட்ரோகார்பன் 200 பிபிஎம். 2,500 ஆர்பிஎம் வாக்கில் கார்பன் மோனாக்சைடு 0.2 சதவீதம், லாம்டா (காற்று, பெட்ரோல் கலவை விகித அளவு) 0.97 முதல் 1.03. கன்வர்ட்டர் இல்லாத இன்ஜின் இந்த 0.3ஐத் தாண்டிவிடும். சோதிக்காமலே சான்று தரும் இடம் கிடைக்கலாம் என்பது இதற்குப் பதிலாகாது. பின்னால் வரும் பைக்காரரும் பள்ளி வாசலில் நிற்கும் குழந்தையும் அந்தப் புகையைத்தான் சுவாசிக்கிறார்கள். பொதுச் சாலை வண்டியில் கன்வர்ட்டரைத் தொடவே கூடாது.

டியூனிங் பாக்ஸா, ரீமேப்பா

உண்மையில் சக்தி ஏற்றுபவை இவை இரண்டும்தான். முதல் நிலை ரீமேப்புக்குச் சந்தையில் ஏறக்குறைய 25,000 முதல் 45,000 ரூபாய் வரை கேட்கிறார்கள். 1.0 டிஎஸ்ஐயில் 130 பிஎஸ்ஸுக்கு மேலும், 210 முதல் 230 நியூட்டன் மீட்டர் வரையும் கிடைக்கும் என்பார்கள். இந்த எண்கள் நம்பக்கூடியவையே. இன்ஜின் அதைத் தரும்.

டியூனிங் பாக்ஸ் பூஸ்ட் சென்சாருக்கும் ஈசியுவுக்கும் நடுவில் உட்கார்ந்து பொய் சொல்கிறது. உண்மையில் பூஸ்ட் அதிகமாக இருக்கும்போது குறைவு என்று காட்டும். ஈசியு மேலும் ஏற்றும். ஆபத்து இதிலேயே இருக்கிறது. இந்த இன்ஜினில் உள்ளே போகும் காற்றை ஈசியு கணிப்பது அழுத்தத்தையும் வெப்பத்தையும் வைத்துத்தான். அழுத்தம் குறைவு என்று நம்பும் ஈசியு, குறைந்த சுமைக்கு ஏற்ற முன்னேறிய டைமிங்கைத் தரும். உள்ளே இருப்பதோ அதிகச் சுமை. நாக் சென்சார் பிடித்து டைமிங்கை இழுத்துக்கொண்டே இருக்கும். பிடிக்கத் தவறினால் பிஸ்டனுக்குக் கேடு. பத்து நிமிடத்தில் கழற்றிவிடலாம் என்பதே இதன் ஒரே ஈர்ப்பு. சர்வீஸுக்கு விடும் முன் கழற்றி மறைப்பது நேர்மையும் அல்ல.

தொழில்நுட்பமாகப் பார்த்தால் ரீமேப் இதைவிடச் சுத்தமான வழி. டார்க் இலக்கு, பூஸ்ட், டைமிங், லாம்டா எல்லாம் ஒன்றோடொன்று பொருந்த மாற்றப்படும். நல்ல டியூனர் முதலில் ஸ்டாக் நிலையில் லாக் (ஓடும்போது வரும் சென்சார் எண்களின் பதிவு) எடுப்பார்: கேட்ட பூஸ்டும் கிடைத்த பூஸ்டும், மூன்று சிலிண்டருக்கும் தனித்தனியாக டைமிங் பின்வாங்கல், இன்டேக் வெப்பம், லாம்டா, எரிபொருள் ரெயில் அழுத்தம். முழுச் சுமையில் ஏதாவது ஒரு சிலிண்டரில் டைமிங் தொடர்ந்து 4 டிகிரிக்கு மேல் பின்வாங்கினால் மேலே ஏற்றாமல் காரணத்தைத் தேடுவார். இ10 காலத்தில் எழுதிய மேப்பை அப்படியே இ20ல் ஓட்டினால் இன்னொரு நெருக்கடி உண்டு. அதே காற்றுக்கு எரிபொருள் சுமார் 4 சதவீதம் அதிகம் வேண்டும். இன்ஜெக்டரும் உயர் அழுத்தப் பம்பும் உச்சத்தில் ஏற்கெனவே எல்லையில் இருந்தால் ரெயில் அழுத்தம் சரியும், கலவை மெலியும், சூடு ஏறும். லாக் எடுக்காமல், லேப்டாப்பை மாட்டி இருபது நிமிடத்தில் ஃபைல் ஏற்றி அனுப்புகிற இடத்துக்கு வண்டியைக் கொடுக்காதீர்கள்.

கியர்பாக்ஸ் கணக்கை யாரும் சொல்வதில்லை. மேனுவல் 1.0 டிஎஸ்ஐயில் உள்ள எம்க்யூ200 பெட்டியின் பெயரிலேயே அதன் தாங்குசக்தி இருக்கிறது: 200 நியூட்டன் மீட்டர் வகை. 178ஐ 220 ஆக்கினால் 24 சதவீதம் கூடுதல். முதலில் கைவிடுவது கிளட்ச். நான்காவது கியரில் 2,000 ஆர்பிஎம்மில் முழுதாக மிதிக்கும்போது வேகம் ஏறாமல் ஆர்பிஎம் முள் மட்டும் குதித்தால் கிளட்ச் வழுக்குகிறது. ஆறு கியர் டார்க் கன்வர்ட்டர் ஆட்டோமேட்டிக் 250 நியூட்டன் மீட்டர் வகை, அதற்கு இடம் இருக்கிறது. 1.5 டிஎஸ்ஐ டிஎஸ்ஜி (இரட்டைக் கிளட்ச் ஆட்டோமேட்டிக்) வைத்திருப்பவர்களுக்கு நிலைமை நேர்மாறு. அந்த டிக்யூ200 உலர் கிளட்ச் பெட்டியின் எல்லை 250. இன்ஜின் ஸ்டாக்கிலேயே 250 தருகிறது. அந்த வண்டியை ரீமேப் செய்வதை நாங்கள் எந்த நிலையிலும் பரிந்துரைக்க மாட்டோம்.

வாரண்டியும் போகும். சர்வீஸ் சென்டர் கணினி கம்பெனியின் சர்வரோடு பேசும்போது ஈசியு மென்பொருளை ஒப்பிட்டுப் பார்க்கும். மாறியிருந்தால் அந்த வண்டி எண்ணுக்கு டிடி1 என்ற குறி விழும். ஸ்டாக் ஃபைலைத் திரும்ப ஏற்றினாலும் விழுந்த குறி அழியாது. இன்ஷூரன்ஸ் கம்பெனிக்கு எழுத்தில் தெரிவிக்காத மாற்றத்தைக் காரணம் காட்டி, சொந்த வண்டிச் சேதத்துக்கான கிளெய்மை மறுக்க இடமுண்டு.

ஆகவே எங்கள் கருத்து இது. பொதுச் சாலையில் அன்றாடம் ஓடும், வாரண்டி பாக்கியுள்ள வண்டிக்கு ரீமேப் வேண்டாம். அதன் தொழில்நுட்பம் மோசம் என்பதால் சொல்லவில்லை. அதற்குச் சான்று தர இங்கே ஆள் இல்லை, விபத்து நடந்தால் உங்களுக்காக நிற்கவும் ஒரு காகிதம் இல்லை.

டிராக்குக்கென்று வண்டி

இருங்காட்டுக்கோட்டையிலும் கோவை கரி ஸ்பீட்வேயிலும் சொந்த வண்டியை ஓட்ட விடும் நாட்கள் வருவதுண்டு. அங்கே முழு பூஸ்டில் ஓட்டுவதுதான் ஆசை என்றால் ரீமேப்புக்கு நியாயமான இடம் அதுவே. ஸ்டாக், டிராக் என்று இரண்டு மேப்பையும் மாற்றி ஏற்றும் கருவி தரும் டியூனரைத் தேர்ந்தெடுங்கள். சாலையில் ஸ்டாக் மேப், உள்ளே போனபின் டிராக் மேப், வெளியே வருமுன் மறுபடி ஸ்டாக். கன்வர்ட்டர் அதே இடத்தில் இருக்கட்டும்.

ஆனால் டிராக்கில் 25 பிஎஸ் கூடுவதற்கு முன் பிரேக் கைவிடும். சில சுற்றுகளில் கம்பெனி பேட் சூடேறி, பிரேக் ஆயில் கொதித்து, பெடல் தரை தொடும். டாட் 4 தரத்தில் அதிகக் கொதிநிலை ஆயில், டிராக்குக்கான முன்பக்கப் பேட், நல்ல டயர் மூன்றும் சேர்ந்தால் ரீமேப்பைவிடச் சுற்று நேரத்தை அதிகம் குறைக்கும். ஆர்சியில் ஒரு எழுத்துகூட மாறாது. டயரைக் கம்பெனி அனுமதித்த அளவுக்குள் வைத்திருக்க வேண்டும், அவ்வளவுதான். ஒவ்வொரு சுற்றுத் தொகுதிக்குப் பிறகும் ஒரு சுற்று மெதுவாக ஓட்டி டர்போவை ஆறவிடுங்கள். இன்ஜினை அணைத்த பிறகும் மின் பம்ப் கூலன்டைச் சுற்றவிடும் என்றாலும் அந்தப் பழக்கம் நல்லது.

1.5க்கு மாறுவது

150 பிஎஸ், 1,600 ஆர்பிஎம்மிலிருந்தே 250 நியூட்டன் மீட்டர், நான்கு சிலிண்டர், வாரண்டி, சரியான ஆர்சி. ரீமேப் செய்த 1.0 எட்டுகிற இடத்தைத் தாண்டி 1.5 ஸ்டாக்கிலேயே நிற்கிறது. பணம் அதிகம் என்பார்கள். கணக்கைச் சரியாகப் போடுங்கள்: ரீமேப், சீக்கிரம் தேயும் கிளட்ச், இழந்த வாரண்டி, விற்கும்போது மாற்றிய வண்டிக்குக் குறையும் விலை. இரண்டு மூன்று வயதான 1.5ஐ செகண்ட் ஹேண்டில் எடுத்து, உங்கள் 1.0ஐ மாற்றமில்லாத நிலையில் நல்ல விலைக்கு விற்றால் இடைவெளி நினைப்பதைவிடச் சிறியது. நெடுஞ்சாலையில் லாரியைத் தாண்டும் இழுவைதான் உங்கள் தேவை என்றால் இதுவே சரியான வழி. நகருக்குள் அலுவலகம் போய்வரும் வண்டிக்கு 1.0 போதும். பராமரிப்பை மட்டும் விட்டுவிடாதீர்கள்.

செகண்ட் ஹேண்ட் டிஎஸ்ஐ எடுக்கும்போது முந்தைய உரிமையாளர் ரீமேப் செய்திருக்கிறாரா என்று பார்த்தே ஆக வேண்டும். சர்வீஸ் சென்டரில் மென்பொருள் ஒப்பீடு செய்து, டிடி1 குறி இருக்கிறதா என்று கேளுங்கள். ஸ்பார்க் பிளக் ஒன்றைக் கழற்றிப் பாக எண்ணைப் பாருங்கள். குளிர்ந்த வகை இருந்தால் கேள்வி கேட்க வேண்டும். ஏர் ஃபில்டர் பெட்டியின் கிளிப்புகளும் பூஸ்ட் சென்சார் சாக்கெட்டின் பூட்டும் அடிக்கடி கழற்றிய தடம் காட்டினால் டியூனிங் பாக்ஸ் இருந்திருக்கலாம். மேனுவல் வண்டியில் நான்காவது கியர் கிளட்ச் சோதனையைக் கட்டாயம் செய்யுங்கள். கீழே குனிந்து கன்வர்ட்டர் அதன் இடத்தில் இருக்கிறதா என்று பார்த்துவிட்டு, உங்கள் கண்முன்னே புதிதாக ஒரு பியுசி சோதனை எடுத்து, அதில் வரும் கார்பன் மோனாக்சைடு எண்ணைப் பார்த்த பிறகே அட்வான்ஸ் கொடுங்கள்.